ஊறுகாய் பாட்டிலில் இருந்த மாத்திரை

சேக்காடு, ஆவடி
11-9-1993, சனிக்கிழமை

அன்பு மகன் குணசேகரனுக்கு அம்மா வசந்தா எழுதிக்கொள்வது. நான் நலம், உன் அப்பாவும் இப்போது நலம், அந்த ‘இப்போது’ என்ற வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம். நீ பிலாய் உருக்காலையில் வேலை பார்க்கிற இடத்தில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். எனக்கு உட்கார்ந்து எழுதப் பொறுமை கிடையாது, அது உனக்குத் தெரியும், எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடி வந்தவள், பதினாறு வயதில் உன்னைப் பெற்றவள், இத்தனை வருடத்தில் ஒரு இன்லேண்ட் லெட்டரை முழுசாக நிரப்பியதில்லை. இன்றைக்குக் கவர் வாங்கி, தாள் வாங்கி, அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது, பாதியில் கிழித்துப் போடாமல் கடைசி வரை படி. போன மாதம் நான் எழுதிய கடிதம் தப்பு. உன் அப்பா மறுபடியும் குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று எழுதினேனே, அது பொய். வேண்டுமென்று எழுதவில்லை, நம்பித்தான் எழுதினேன், இருந்தாலும் பொய் பொய்தான். அவர் குடிக்கவில்லை. நீ கோபித்துக்கொண்டு போன ஆறாம் மாதம் நிறுத்தினார், அன்றைக்கு நிறுத்தியது நிறுத்தியதுதான், மூன்றரை வருடமாக ஒரு சொட்டு நாக்கில் படவில்லை. நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன், என்னைத் திட்ட வேண்டிய இடத்தில் என்னைத் திட்டிக்கொள்.

வைகாசியில் அவருக்குத் தலைசுற்றல் வந்தது. கம்பெனி டிஸ்பென்சரியில் பார்த்துப் பிரஷர் ஏறியிருக்கிறது என்று சொல்லி வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள், அங்கே கொடுப்பதில் பெயர் ஒன்றும் இருக்காது, தாள் கவரில் போட்டு மேலே காலை ஒன்று என்று பேனாவில் எழுதித் தருவார்கள், அவ்வளவுதான். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். நான் குறைக்கிற ஆளா, ஒரேயடியாக நிறுத்தினேன், கருவாடு வாசல் ஏறக் கூடாது என்றேன், மாங்காய் ஊறுகாயை அப்படியே பக்கத்து வீட்டு நாகம்மாவுக்குக் கொடுத்துவிட்டு பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தேன். ஆனியில் கால் இரண்டும் வீங்கி செருப்பே நுழையவில்லை. மறுபடியும் டிஸ்பென்சரி வரிசையில் போய் நிற்க அவருக்குச் சோம்பல், எனக்கு அவசரம், நான்தான் பூந்தமல்லியில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அந்த டாக்டர் நல்லவர், ஏற்கெனவே ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு ஒன்றும் கிடையாது டாக்டர் என்றேன். கம்பெனி வைத்தியம் நடக்கிறது என்று சொன்னால் அங்கேயே போ என்று திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று எனக்குப் பயம், சேக்காட்டில் எல்லாப் பெண்களும் இப்படித்தான் செய்கிறோம், இங்கே காட்டியதை அங்கே சொல்வதில்லை, அங்கே காட்டியதை இங்கே சொல்வதில்லை. டாக்டர் வீக்கம் வடிய காலை ஒன்று மதியம் ஒன்று என்று நீர் மாத்திரை எழுதிக் கொடுத்து, பத்து நாளில் திரும்ப வரச் சொன்னார். வீக்கம் எட்டாம் நாளே வடிந்துவிட்டது, நாங்கள் போகவில்லை, மாத்திரையை மட்டும் மெடிக்கலில் கேட்டுத் திரும்பத் திரும்ப வாங்கினேன். தாள் கவர் நமுத்துப் போகிறதே என்று அதிலிருந்ததையும் அட்டையில் இருந்ததையும் பிரித்து எல்லாவற்றையும் அந்த ஊறுகாய் பாட்டிலிலேயே போட்டு மூடி வைத்தேன். இரண்டும் வெள்ளை. காலையில் இரண்டு, மதியத்துக்கு ஒன்று டிபன் பாக்ஸோடு கட்டிக் கொடுப்பேன்.

ஆடி பிறந்தது, காலையில் காபி டம்ளரைப் பிடித்தால் கை துள்ள ஆரம்பித்தது. நடுக்கம் என்று சொல்ல முடியாது, சும்மா இருக்கிற கை திடீரென்று ஒரு வெட்டு வெட்டும், காபி வேட்டியில் கொட்டும். கண் இமை தானாகத் துடிக்கும். படுத்திருந்தால் கால் ஒரு உதை உதைக்கும். எழுந்து நடந்தால் ஒரு பக்கமாகச் சாய்வார். குணா, நீ குழந்தையாக இருந்த நாளிலிருந்து நான் அந்த மனிதரின் காலை வேளைகளைப் பார்த்தவள், முதல் கிளாஸ் உள்ளே போகிற வரை அந்தக் கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா. அதே கை திரும்பி வந்தது மாதிரி இருந்தது. அதோடு அரை மணிக்கு ஒரு தரம் பின்பக்கம் போய்விட்டு வருகிறார். கேட்டால் ஒன்னுக்கு வருது வசந்தா என்கிறார். இத்தனை தரமா ஒரு மனிதருக்கு வரும், பின்பக்கம் பாட்டில் ஒளித்து வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். அவர் வேலைக்குப் போன பிறகு விறகைப் புரட்டினேன், பாத்ரூம் கூரையில் கைவிட்டேன், தென்னை மட்டையைத் தூக்கினேன், கிடைத்தது நாகம்மாவின் கோழி இட்ட நாலு முட்டை. நாகம்மா வேலியைத் தாண்டி எட்டிப் பார்த்து, இன்னா வசந்தா எங்கூட்டு முட்டைய நீ ஆட்டைய போட்டுகினு கீற என்று ஆரம்பித்தாள், நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் முட்டையை மறந்துவிட்டாள். அடிப்பாவி, ஆடி மாசத்துல கையி தானா ஆடுதுன்னா அது சாராயம் இல்லடி, ஆத்தா எறங்குறா, திருவேற்காட்டு கோயிலுக்கு இட்டுகினு போய் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி கைல கட்டு என்றாள். ஆத்தா இந்த ஆளைத் தேடிக்கினு வர அவளுக்கு வேற வேலை இல்லையா என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். தினமும் சாயங்காலம் அவரை வாசலிலேயே நிறுத்தி வாயை மோந்து பார்த்தேன். வாசனை இல்லை. கிராம்பு மென்று வருகிறார் என்று நினைத்தேன். ஒரே ஒரு தரம் அவர் நான் குடிக்கல வசந்தா என்றார். போன வாட்டியும் இதையேதான்யா சொன்ன என்றேன். அதற்கப்புறம் மோந்து பார்க்க வசதியாக அவராகவே குனிந்து நிற்பார்.

கம்பெனியில் அவருக்கு என்ன வேலை என்று உனக்குத் தெரியும், மேலே கிரேன் கூண்டில் உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடியை நகர்த்த வேண்டும், கீழே கோதண்டம் கைகாட்டுவார். தகரக் கூரைக்கு அடியில் அந்தக் கூண்டு அடுப்பு மாதிரி கொதிக்கும். அங்கிருந்து அரை மணிக்கு ஒரு தரம் ஏணி இறங்க முடியுமா. அதனால் இந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா, காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. கை துள்ளுவதையும் சொல்லவில்லை, சொன்னால் கிரேனிலிருந்து இறக்கி விடுவார்கள், இருபது வருடமாக ஏறின ஏணி, கீழே உட்கார வைத்தால் பெருக்குகிற வேலைதான். ஆடி வெள்ளி ஒன்றில் இரும்புத் தகடு தூக்கும்போது கை வெட்டியிருக்கிறது, தகடு ஒரு முழம் வீசி வந்திருக்கிறது, கோதண்டம் எகிறிக் குதித்துத் தப்பித்தார். வேலையை மேற்பார்க்கிற சார்ஜ்மேன் எல்லார் முன்னாலும் உன் அப்பாவை ஊதச் சொல்லியிருக்கிறார். ஊதினார். வாசனை இல்லை. ஆனாலும் நாளையிலிருந்து கீழே இரு என்று சொல்லிவிட்டார்கள். இதை உன் அப்பா வீட்டில் சொல்லவில்லை, சாயங்காலம் கோதண்டம் சைக்கிளில் வந்து சொன்னார். அண்ணி, அண்ணன் குட்ச்சிகினு மேல ஏறுற ஆளு இல்ல, ஆனா கையி அவரு பேச்ச கேக்க மாட்டேங்குது, இன்னான்னு பாரு என்றார். நான் முதல் பாதியைக் காதில் வாங்கவே இல்லை. அந்தச் சூட்டோடு உட்கார்ந்து உனக்கு எழுதினேன். வழக்கமாகக் கடைசியில் அவரிடம் நீட்டிக் கையெழுத்து வாங்குவேனே, அன்றைக்கு நீட்டவில்லை, நானே ஒட்டி நானே போய்ப் போட்டேன். வெள்ளானூரிலிருந்து உன் மாமா கஜபதியையும் வரவழைத்தேன், அவன் வாசலில் நின்று தெருவே கேட்க, வயசுப் புள்ள ஊட்ட வுட்டு ஓடியும் உனக்கு புத்தி வரலியா மாமா என்று கத்திவிட்டுப் போனான். உன் அப்பா கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். வெட்கப்பட்டு மறைக்கிறார் என்று நினைத்தேன். துள்ளுகிற கையை அப்படித்தான் அமுக்கி வைத்திருந்தார்.

ஆகஸ்ட் பதினைந்து ஞாயிற்றுக்கிழமை வந்தது. கம்பெனியில் கொடியேற்றி மிட்டாய் கொடுப்பார்கள், போய்வருகிறேன் என்று சட்டையை எடுத்தார். மிட்டாயும் வேணாம் ஒன்னும் வேணாம், குந்துய்யா, இன்னைக்கு பூரா நீ என் கண்ணை விட்டு நகரக் கூடாது, நீ எங்கே குடிக்கிறேன்னு நானும் பாக்குறேன் என்று கதவைத் தாழ்ப்பாள் போட்டு எதிரில் முறத்தோடு உட்கார்ந்தேன். பின்பக்கம் போனாலும் கூடவே போனேன். சிரிக்காதே, வாசற்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். காலை ஏழு மணியிலிருந்து அவர் வாய்க்குள் போனது என் கையால் கொடுத்த இட்லி, என் கையால் கொடுத்த காபி, என் கையால் கொடுத்த மாத்திரை, மதியம் உப்பில்லாத ரசம் சோறு. வேறு எதுவும் போகவில்லை என்று நானே சாட்சி. ஆனால் மதியத்துக்குமேல் கை அடங்குவதற்குப் பதிலாக அதிகமாயிற்று. மூன்று மணிக்கு டம்ளர் கீழே விழுந்தது, எடுக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வலது கை விரல்கள் ஐந்தும் ஒன்றாகக் குவிந்து, கட்டை விரல் உள்ளங்கைக்குள் போய், கோழி அலகு மாதிரி இறுகிவிட்டது. பிரிக்க வரவில்லை. நான் இழுத்துப் பார்த்தேன், எனக்கும் வரவில்லை. அவர் அந்தக் கையை யாரோ விட்டுப்போன பொருள் மாதிரி பார்த்துக்கொண்டு, வசந்தா இது என்னுது இல்ல போல கீது என்றார். பயந்துபோன குரல், உன் அப்பாவுக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்றைக்குப் பூரா இவர் குடிக்கவில்லை, கொடுத்ததெல்லாம் நான், அப்படியென்றால் நான் கொடுத்ததில்தான் ஏதோ இருக்கிறது. ஊறுகாய் பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு மெடிக்கலுக்கு ஓடினேன்.

ஞாயிறு மெடிக்கல் பாதி ஷட்டர்தான் திறந்திருந்தது. கடைக்காரர் பக்தவத்சலம் பாட்டிலைத் தாளில் கொட்டி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். இந்த எழுத்து போட்டது நான் குடுத்த நீர் மாத்திரை அக்கா, நடுவுல கோடு போட்டது எங்கேர்ந்து வந்துது என்றார். கம்பெனியில் பிரஷருக்குக் கொடுத்தது என்றேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். ரெண்டுமே உடம்புல கீற தண்ணிய வெளிய தள்ற மாத்திரைதான்க்கா, பேருதான் வேற, ரெண்டையும் சேத்து குடுக்க சொன்னது யாரு என்றார். யாரும் சொல்லவில்லை. டிஸ்பென்சரிக்கு அதைத் தெரியாது, பூந்தமல்லிக்கு இதைத் தெரியாது, இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நான், எனக்கு ஒன்றும் தெரியாது. ஆட்டோ பிடித்து அவரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம், மூன்று நாள் வைத்திருந்தார்கள். ஒரு லேடி டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார், தண்ணி மட்டும் போகலம்மா, அதோட ரத்தத்துல இருக்க வேண்டிய உப்புச் சத்தும் போயிடுச்சு, பொட்டாசியம் போச்சு, இன்னும் ஒண்ணு ரெண்டு போச்சு, அது கொறைஞ்சா நரம்பும் சதையும் தானா துள்ளும், அவர் ஆட்டல, அவரால அடக்கவும் முடியாது, இன்னும் நாலு நாள் விட்டிருந்தா இதயத் துடிப்பே தடம் மாறியிருக்கும் என்றார். அப்படியானால் அந்த மாத்திரை எல்லாம் விஷமா என்று கேட்டேன். அதற்கும் திட்டினார். மாத்திரை மேல தப்பு இல்ல, அளவா ஒண்ணு கொடுத்தா உயிரைக் காப்பாத்துற மருந்து, எல்லாருக்கும் இப்படி வராது, சில பேருக்கு ஒண்ணுலயே வரலாம், அதனாலதான் திரும்ப வாங்கன்னு சொல்றது, ரத்தம் பார்க்கச் சொல்றது, பயந்துகிட்டு நீங்களா நிறுத்தினீங்கன்னா அதுவும் ஆபத்து என்றார். சொட்டு மருந்து ஏற்றினார்கள், கசக்கிற டானிக் ஒன்று தண்ணீரில் கலந்து கொடுத்தார்கள், இரண்டாம் நாள் விரல் தானாகப் பிரிந்தது. பிரிந்த கையை அவர் என் முன்னால் நீட்டி, மோந்து பாக்கிறியா என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். நான் ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வராது குணா, அவரிடமும் இன்னும் கேட்கவில்லை, உன்னிடம் எழுத்தில் கேட்பது சுலபமாக இருக்கிறது.

உன் பதில் கடிதம் அதற்கப்புறம் வந்தது. தபால்காரர் துலுக்கானம் அதை வாசலில் இருந்த அவர் கையில்தான் கொடுத்திருக்கிறார். அவர் படித்துவிட்டு என்னிடம், பையன் நல்லா கீறானாம், வேலை ஜாஸ்தியாம், பொங்கலுக்கு வர தோதுப்படாதாம் என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். நாலு நாள் கழித்துத் துவைக்கப் போட்ட சட்டைப் பையில் அது கிடைத்தது, நீ எழுதியிருந்தது இதுதான். அந்த ஆள் திருந்த மாட்டார், பொங்கலுக்குக் கேட்ட லீவு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், கையெழுத்துப் போடக்கூட அவருக்கு நிதானம் இல்லையா. நீ எழுதினது மூன்று வரி, அத்தனையும் என்னால் வந்தது. நான் இன்றைக்கே அவனுக்கு எழுதுகிறேன் என்று குதித்தேன். உன் அப்பா வேணாம் என்றார். நான் குட்ச்ச காலத்துல சொன்ன பொய்யி அத்தினி கீது வசந்தா, அதுல இதுவும் ஒன்னுன்னு நெனச்சிக்குவான், உன்னை நான் மெரட்டி எழுத வெச்சேன்னு நெனச்சிக்குவான் என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, நீ போன அன்று குடித்துவிட்டு உன் தகரப் பெட்டியைத் தெருவில் வீசியதை நான் மறக்கவில்லை, பெட்டி திறந்து உன் சட்டையெல்லாம் சாக்கடையோரம் கிடந்ததையும் மறக்கவில்லை. அதற்காக நீ கோபப்பட்டாய், அது சரி. அது அவர் செய்தது. இது அவர் செய்யாதது. செய்ததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு, செய்யாததற்கு வேண்டாம். என் பேச்சை நம்ப மாட்டாய் என்றால் இந்தக் கவரில் டிஸ்பென்சரி தாள் கவரையும் காலி மாத்திரை அட்டையையும் ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் வைத்திருக்கிறேன், அதற்காகத்தான் இன்லேண்ட் வாங்காமல் கவர் வாங்கினேன். அங்கே எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் காட்டிக் கேள், அம்மா எழுதினது சரியா என்று கேள்.

இப்போது ஒரே மாத்திரை, அளவைக் குறைத்திருக்கிறார்கள், மாதம் ஒரு தரம் ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், தண்ணீர் பாட்டில் கொடுத்து அனுப்புகிறேன், உப்பும் டாக்டர் சொன்ன அளவுக்குப் போடுகிறேன். கை துள்ளி இருபது நாளாகிறது. நேற்று கம்பெனி டாக்டர் பார்த்து கையெழுத்துப் போட்டுவிட்டார், திங்கட்கிழமை மறுபடி கிரேன் ஏறுகிறார். கோதண்டம் வா அண்ணாத்தே, இந்த வாட்டி நான் பத்து அடி தள்ளியே நிக்கறேன் என்றாராம். கஜபதி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டுப் போனான், அவன் மகளுக்குத் தையில் கல்யாணம் பேசியிருக்கிறான், அதற்கும் நீ இருக்க வேண்டும். அந்த ஊறுகாய் பாட்டிலை நான் குப்பையில் வீசினேன், உன் அப்பா எடுத்து வந்து வெந்நீரில் கழுவி வெயிலில் வைத்திருக்கிறார், நீ வந்தால் ஊறுகாய் போட வேண்டுமாம். அடுப்புப் பக்கத்தில் வேலை செய்கிறவன் நீ, தண்ணீர் நிறையக் குடி. எந்த டாக்டரிடம் போனாலும் முன்னால் சாப்பிடுகிற மருந்தைச் சொல், உன் அம்மா மாதிரி முந்திக்கொண்டு இல்லை என்று சொல்லாதே. லீவு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாய் அல்லவா, போய் வேண்டும் என்று எழுதிக் கொடு, அதில் ஒன்றும் மானம் போகாது, நான் மூன்று தாள் எழுதவில்லையா. நோய் நொடி இல்லாமல், நல்ல பேரோடு நூறு வருடம் இரு நைனா. பொங்கலை மறக்காதே. இந்த முறை கடிதத்தை அவரிடம் நீட்டப் போகிறேன், கையெழுத்து மட்டும் போடச் சொல்வேன், அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பார். எழுத்து எங்காவது கோணலாக இருந்தால் அது கை இல்லை, நாலு மணிக்குத் தபால் எடுத்துவிடுவார்கள் என்று நான் பக்கத்தில் நின்று அவசரப்படுத்தியிருப்பேன்.

இப்படிக்கு உன்னைப் பார்க்கக் காத்திருக்கும் அம்மா,
த. வசந்தா

குணாவுக்கு அப்பா எழுதுவது. கை நன்றாக இருக்கிறது. எந்த ரயில் என்று அம்மாவுக்கு எழுது, ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். நீ என்னோடு பேச வேண்டாம். பெட்டியை மட்டும் என்னிடம் கொடு, நான் தூக்கி வருகிறேன்.
வெ. தசரதன்